பெர்கனில் ஒரு பகல்: நடந்தே பார்ப்பதன் நியாயம்

சொகுசுக் கப்பல் காலை எட்டு மணிவாக்கில் கரை சேர்கிறது; மாலை ஐந்துக்கோ ஆறுக்கோ கிளம்பிவிடுகிறது. நடுவில் கிடைக்கும் பகலை என்ன செய்வது என்ற கேள்வி கப்பலில் வரும் எல்லோருக்கும் உண்டு. கப்பல் நிறுவனம் அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறது: பேருந்து, ஒலிபெருக்கியோடு ஒரு வழிகாட்டி, பட்டியலில் ஐந்தாறு இடங்கள், ஒவ்வொன்றிலும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம். நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகரத்தை ஒரு பகல் முழுக்க நடந்தே பார்த்ததை இப்போது எண்ணிப் பார்க்கும்போது, அந்தப் பதில் சரியில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரிகிறது. ஒரே ஒரு பகல் கிடைக்கிறவர் நிறைய இடம் பார்க்க ஆசைப்படக் கூடாது. கொஞ்ச இடத்தை, துறைமுகத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்குவதை, நடந்து பார்க்க வேண்டும். நடந்தால் உடம்புக்கு நல்லது, செலவு மிச்சம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்காக இதைச் சொல்லவில்லை. பழைய துறைமுக நகரத்தில் ஒவ்வொரு கட்டடமும் அப்படி ஏன் இருக்கிறது என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தக் கட்டடத்துக்குள் இருப்பதில்லை. அடுத்த தெருவில் இருக்கிறது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்தில் இருக்கிறது. பேருந்து அந்தச் சந்தைத் தாண்டிப் போய்விடுகிறது.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வோகன் என்ற குறுகலான கடல்நாக்கு நகரத்துக்குள் புகுந்து கிடக்கிறது. அதன் வடகிழக்குக் கரையில் பழைய வணிகர் குடியிருப்பான ப்ரிக்கன், தலைமாட்டில் மீன் சந்தை, எதிர்க்கரையில் நோர்ட்னெஸ் என்ற முனை. பின்னால் உடனே மலை எழும்பிவிடுகிறது. ஸ்கோல்டன் என்ற துறையில் வந்து நிற்கும் கப்பல்கள் பெர்கன்ஹூஸ் கோட்டையின் காலடியிலேயே நிற்கின்றன. அங்கிருந்து ப்ரிக்கனுக்குப் பத்து நிமிட நடை. ஐரோப்பாவில் பல சொகுசுக் கப்பல்கள் ஊருக்கு வெகுதூரத்தில் சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே பயணிகளை இறக்கிவிடுகின்றன. பெர்கனில் அந்தச் சிரமம் குறைவு. 1070ஆம் ஆண்டில் அரசர் ஓலாவ் சிரே நிறுவியதாகச் சொல்லப்படும் இந்த ஊரை, மனிதன் நடக்கும் தூரத்தை மனத்தில் வைத்தே கட்டியிருக்கிறார்கள். படகிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து தேவாலயத்துக்கு, அங்கிருந்து சந்தைக்கு என்று சுமை தூக்கிய தோள்களும் மரச்செருப்புக் கால்களும் போன அளவுதான் ஊரின் அளவு. அதைச் சக்கரத்தில் ஏறிப் பார்ப்பது, அளவே தெரியாமல் பார்ப்பதாகும்.

கப்பலை விட்டு இறங்கியதும் எதிர்ப்படுவது கோட்டை. அதற்குள் அரசர் ஹோகோன் ஹோகோன்சன் 1247க்கும் 1261க்கும் இடையில் கட்டிய கல் மண்டபம் இருக்கிறது. அவருடைய மகன் மாக்னுஸின் திருமண விருந்து 1261இல் அங்கேதான் நடந்தது. பக்கத்தில் 1560களில் இன்றைய உருவைப் பெற்ற ரோசன்க்ரான்ட்ஸ் கோபுரம். எழுநூறு ஆண்டுப் பழைய சுவர் என்று எண்ணித்தான் எல்லோரும் நிற்பார்கள். ஆனால் இதன் எதிரிலேயே, இன்று கப்பல்கள் வந்து நிற்கும் நீரிலே, 1944 ஏப்ரல் 20 அன்று வெடிமருந்து ஏற்றிய ஃபோர்போடே என்ற டச்சுக் கப்பல் வெடித்தது. நார்வே அப்போது ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்தது. மக்கள் இறந்தார்கள், மண்டபத்தின் கூரை போயிற்று, கோபுரம் சிதைந்தது, கரையோர வீடுகள் குலைந்தன. மண்டபத்தைத் திரும்பக் கட்டி முடித்தது 1961இல்தான். சுவரை மட்டும் பார்ப்பவருக்கு இது அரசர் கதை. துறையிலிருந்து சுவர் வரை நடந்து வருகிறவருக்கு, அந்தத் தூரம் எவ்வளவு குறைவு என்பது தெரிவதால், வெடிப்பு என்ன செய்திருக்கும் என்பதும் விளங்கிவிடுகிறது.

அடுத்து ப்ரிக்கன். நார்வேயைப் பற்றிய எந்தச் சுவரொட்டியிலும் இருப்பது இந்த வீட்டு வரிசைதான்: கடலைப் பார்த்தபடி சிவப்பும் காவியும் வெள்ளையுமாக முக்கோண முகப்புகள். யுனெஸ்கோ 1979இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று 62 கட்டடங்கள் எஞ்சியுள்ளன. பேருந்துப் பயணி தண்ணீர்க்கரையில் நின்று முகப்பைப் படம் எடுத்துக்கொள்கிறார். அது ஒரு குறையும் இல்லாத அழகான படம். ஆனால் ப்ரிக்கன் என்பது முகப்பு இல்லை. முகப்புக்குப் பின்னால் பலகை பாவிய சந்துகள் உள்ளே நீண்டு போகின்றன. சந்தின் இருபுறமும் கிடங்கு மேல் கிடங்காக மர வீடுகள். மேல்மாடியின் வெளித்தாழ்வாரங்கள் தலைக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கின்றன. சந்துக்குள் புகுந்த உடனே வெளிச்சம் பாதியாகிவிடும். பழைய மரத்தின் வாடையும் ஈரத்தின் வாடையும் வரும். மேலே சரக்கு இழுக்கும் கப்பிக்கான உத்தரம் நீட்டிக்கொண்டு நிற்கும். கதவு நிலைகளில் ஒன்றுகூட நேராக இருப்பதில்லை; ஒன்று இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம்.

இந்தச் சந்தின் கடைசி வரை போக வேண்டும் என்பதுதான் என் வாதத்தின் மையம். போனால், மர வீடுகள் முடிகிற இடத்தில் திடீரென்று தடித்த கல் சுவர்களோடு சின்னக் கட்டடங்கள் வருகின்றன. அவை சாளரம் சிறுத்து, பாதி நிலத்துக்குள் இறங்கிய கல் நிலவறைகள். எல்லாமே மரமாக இருக்கும் இடத்தில் இது மட்டும் ஏன் கல்? விலையுயர்ந்த சரக்கையும் கணக்கு ஆவணங்களையும் நெருப்பிலிருந்து காப்பதற்கு. சரி, மர வீடுகளில் குளிருக்கு அடுப்பாவது எங்கே என்று தேடினால், அடுப்பே இல்லை. ப்ரிக்கனின் மர வீடுகளுக்குள் தீ மூட்டக் கூடாது என்பது சட்டம். அறுபதாவது அட்சரேகையில், நார்வே குளிரில், வணிகர்களும் அவர்களிடம் தொழில் பழக வந்த இளைஞர்களும் நெருப்பில்லாத வீட்டில் உறங்கினார்கள். தீ மூட்டவும் சமைக்கவும் குளிர்காயவும் தனியே பின்புறத்தில் பொதுக்கூடங்கள் கட்டியிருந்தார்கள். அந்தக் கூடங்களும் இன்று பார்க்கக் கிடைக்கின்றன, மரியா தேவாலயத்தின் அருகே. அங்கிருந்து இன்னும் சில நூறு அடிகள் நடந்தால் நெருக்கமான சந்துகள் மறைந்து, மலையிலிருந்து கடல் வரை இறங்கும் அகலமான தெரு ஒன்று குறுக்கே வருகிறது. இவ்வளவு இடநெருக்கடி உள்ள ஊரில் இத்தனை அகலத்தை வீணாக்கியிருக்கிறார்களே என்று தோன்றும். வீணில்லை. தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவாமல் இருக்க விட்ட இடைவெளி அது. 1702இல் ஊரின் பெரும்பகுதியும் ப்ரிக்கன் முழுவதும் எரிந்து போயின. பழைய மனை எல்லைகளின் மேலேயே, பழைய முறையிலேயே திரும்பக் கட்டினார்கள். 1916 ஜனவரியில் எதிர்ப்புறமுள்ள நகர மையம் எரிந்தது. இன்று கடைவீதியாக இருக்கும் டோர்க்அல்மெனிங்கன் சதுக்கத்தின் விரிந்த கட்டமைப்பு அதற்குப் பிறகு வந்தது. 1955இல் ப்ரிக்கனின் ஒரு பகுதி மறுபடியும் எரிந்தது. கல் நிலவறை, அடுப்பில்லாத வீடு, பொதுச் சமையற்கூடம், அகலத் தெரு ஆகிய நான்கும் ஒரே காரணத்தின் நான்கு விளைவுகள். பேருந்து ஜன்னலில் இவை நான்கு தனித்தனிக் காட்சிகள். காலால் கடக்கும்போது, பதினைந்து நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், மனம் தானாகவே அவற்றைக் கோத்துக்கொள்கிறது.

யாருக்காக இந்தக் கிடங்குகள்? ஹன்சா என்ற வட ஜெர்மானிய வணிகர் கூட்டமைப்பு 1360 வாக்கில் இங்கே தன் அலுவலகத்தை நிறுவியது. 1754 வரை அது நீடித்தது. வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் காட் மீனை உப்புப் போடாமல், மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே கருவாடாக்குவார்கள். கட்டை போல இறுகிவிடும். ஆண்டுக் கணக்கில் கெடாது. தவக்காலத்தில் இறைச்சி விலக்கிய கத்தோலிக்க ஐரோப்பா முழுவதற்கும் அது தேவைப்பட்டது. வடநார்வேக்கோ தானியம் விளையவில்லை. கருவாடு தெற்கே போக, தானியம் வடக்கே வர, நடுவில் பெர்கன் நின்றது. நடுவில் நின்றவர்களுக்குத்தான் செல்வம் சேர்ந்தது. வடக்கிலிருந்து வந்த மீனவர்கள் ஜெர்மானிய வணிகரிடம் கடன்பட்டிருந்தார்கள். கடன் தீரும்வரை அதே வணிகருக்குத்தான் மீன் விற்க வேண்டும். ப்ரிக்கனில் வேலைசெய்த ஜெர்மானியர்கள் மணம் செய்துகொள்ளக் கூடாது என்றும் விதி இருந்தது. உள்ளூர்ப் பெண்ணை மணந்து, உள்ளூர்க்காரனாகிவிட்டால் வணிகம் கைமாறிவிடும் அல்லவா? மரியா தேவாலயம் 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது; இன்று நிற்கும் கட்டடங்களில் பெர்கனின் மிகப் பழையது. 1408 முதல் 1766 வரை அது ஜெர்மானிய வணிகர்களின் தேவாலயமாக இருந்தது. 1676இல் வந்த அதன் பிரசங்க மேடையின் பொன்னும் செதுக்கலும் கருவாட்டுக் காசின் அளவைக் காட்டும். நெருப்பில்லாத அறையில் விறைத்தவர்கள் கோவிலில் அதை வைத்தார்கள் என்பதை, அறையையும் கோவிலையும் ஒரே காலைநேரத்தில் பார்ப்பவர்தான் உணர முடியும்.

1955 தீயால் ஒரு நன்மையும் வந்தது. எரிந்த மனைகளில் அகழாய்வு தொடங்கியது. ஆஸ்பியோர்ன் ஹெர்ட்டைக் அதற்குத் தலைமை தாங்கினார். ரூனிக் எழுத்துப் பொறித்த ஏறத்தாழ 670 பொருள்கள் அந்த மண்ணிலிருந்து கிடைத்தன, பெரும்பாலும் மரக்குச்சிகள். அதுவரை ரூனிக் எழுத்து என்றால் வீரர்களின் நினைவுக்கற்களில் வெட்டும் எழுத்து, கிறிஸ்தவமும் லத்தீனும் வந்ததும் மங்கிப்போன எழுத்து என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். பெர்கன் குச்சிகள் அந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டன. 14ஆம் நூற்றாண்டு வரைகூடச் சாதாரண மக்கள் அதில் அன்றாட சங்கதிகளை எழுதியிருக்கிறார்கள். சரக்கு மூட்டையில் கட்டிய, உரிமையாளர் பெயர் பொறித்த சீட்டுகள் உண்டு, வணிகக் கடிதங்கள் உண்டு, காதல் உண்டு, வேண்டுதல் உண்டு, ஒரு பெண் ஓர் ஆணை வீட்டுக்கு வரச்சொல்லி அனுப்பிய குச்சியும் உண்டு. விரல் நீளமும் கை நீளமுமான குச்சிகள், கத்திமுனையால் கீறிய நேர்கோடுகள். மரத்தின் இழையோடு குழம்பாமல் இருக்க எழுத்தில் கிடைக்கோடுகளே இல்லை. இவற்றைக் காட்டும் ப்ரிக்கன் அருங்காட்சியகம், 1976இல், அகழ்ந்த இடத்தின் மேலேயே கட்டப்பட்டது. 12ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களின் அடித்தளம் உள்ளே அப்படியே கிடக்கிறது. சந்தில் நடந்த அதே காலோடு உள்ளே போய்ப் பார்த்தால்தான், குச்சியில் எழுதியவர்கள் நடந்த சந்தும் நாம் நடந்த சந்தும் ஒரே மனை எல்லைகளுக்குள் இருப்பது தெரியும்.

சாய்ந்த கதவு நிலைகளைச் சொன்னேன். அவற்றை முதுமையின் அழகு என்று பலரும் ரசிக்கிறார்கள். பாதி உண்மைதான் அது. 1970களின் இறுதியில் பக்கத்தில் ஒரு விடுதி கட்டியபோது நிலத்தடி நீர் வடிந்து மட்டம் இறங்கியது. நீரில் மூழ்கியிருக்கும் வரை மரமும் மண்ணடுக்கும் நூற்றாண்டுகள் தாங்கும். நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் மக்கத் தொடங்கிவிடும். ப்ரிக்கனின் அடித்தளம் மெல்ல மெல்லக் கரைந்து வீடுகள் உள்ளே இறங்கின. 2000க்குப் பிறகு பெரிய அளவில் பழுதுபார்ப்பும், மழைநீரை மண்ணுக்குள் திருப்பி நீர்மட்டத்தை உயர்த்தும் வேலைகளும் நடந்தன. மழை ஓயாத ஊரில், மழைநீரைக் கடலுக்கு விடாமல் நிலத்துக்குள் அனுப்பித்தான் மர வீட்டைக் காப்பாற்ற முடிகிறது. சந்தின் ஓரங்களில் தச்சர்கள் பழைய முறையில், கோடரியால் செதுக்கி, மக்கிய கட்டைக்குப் பதில் புதுக்கட்டை பொருத்துவதைப் பார்க்கலாம். எனக்கு ப்ரிக்கனில் மிகவும் பிடித்தது இதுதான்: பழையது தானாக நிற்பதில்லை, ஒவ்வொரு தலைமுறையும் கூலி கொடுத்து நிறுத்தி வைக்கிறது.

இனிச் சொல்லப்போகும் இடம் பேருந்துப் பட்டியல்களில் அரிதாகவே இருக்கும். மீன் சந்தையிலிருந்து ரயில் நிலையத்தை நோக்கிப் போகும் பழைய தெருவில் பத்து நிமிடம் நடந்தால், வெள்ளை மர வீடுகளுக்கு நடுவே புனித யோர்கன் மருத்துவமனை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அது தொழுநோயாளிகளின் இல்லம். இன்று நிற்கும் கட்டடம் 1702 தீக்குப் பின் கட்டியது. நீண்ட நடுக்கூடம், அதன் இருபுறமும் கீழும் மேலுமாகச் சிறுசிறு அறைகள். ஒரு கட்டிலும் சிறு மேசையும் போட்டால் நிற்க இடமில்லை. அப்படிப்பட்ட அறையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். சமையற்கட்டில் ஆளாளுக்குத் தனித்தனியே இடம் இருந்தது. உணர்ச்சி இழந்து, விரல் குறைந்த கைகளோடு தங்கள் உணவைத் தாங்களே சமைத்துக்கொண்டார்கள். அங்கே பாதிரியாராக இருந்த வெல்ஹாவன், 1816இல் நோயாளிகளின் நிலையை மனம் நொந்து எழுதி வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நார்வேயில் மூவாயிரத்துக்கு நெருக்கமான தொழுநோயாளிகள் இருந்தார்கள், பெரும்பாலும் இந்த மேற்குக் கரையின் ஏழைக் குடியானவர்களும் மீனவர்களும். பெர்கனில் மட்டும் மூன்று தொழுநோய் மருத்துவமனைகள் இயங்கின. 1856இல் நாடு முழுவதற்கும் தொழுநோயாளிகளின் பதிவேட்டைத் தொடங்கினார்கள். அந்த ஆவணங்கள் 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவில் சேர்ந்தன.

தொழுநோய் பரம்பரையாக வருவது என்றே அக்கால மருத்துவம் நம்பியது. பெர்கனின் பெரிய மருத்துவர் டேனியல் டேனியல்சனும் அப்படித்தான் நம்பினார். அவரிடம் வேலை பார்த்தவர், அவருக்கே மருமகனானவர், கெர்ஹார்ட் ஆர்மாயர் ஹான்சன். அந்தப் பதிவேட்டையும் ஊர் ஊராகப் போய்த் திரட்டிய விவரங்களையும் வைத்து, இது தொற்றுநோய் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1873இல் இதே பெர்கனில் நோயின் கிருமியை நுண்ணோக்கியில் கண்டார். மனிதரைத் தாக்கும் நாள்பட்ட நோய் ஒன்றுக்குக் கிருமியே காரணம் என்று சுட்டிய முதல் கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. ஆனால் அந்தக் கிருமியைச் செயற்கையாக வளர்க்க முடியவில்லை. நிரூபிக்க வேண்டும் என்ற அவசரத்தில், ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவருடைய சம்மதம் இல்லாமல், நோய்ப்பொருளைச் செலுத்தினார். வழக்கு நடந்தது, 1880இல் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆய்வுக்கு நோயாளியின் சம்மதம் வேண்டும் என்று இன்று உலகமே ஒப்புக்கொண்டதை, அன்றே ஒரு ஏழை நோயாளிப் பெண்ணின் பக்கம் நின்று அந்த ஊர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஹான்சனின் பெருமையோடு இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இங்கிருந்து ஒரு கோடு நம் ஊர் வரை வருகிறது: வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940களின் பிற்பகுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கியதும், 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் எழுந்ததும், ஹான்சன் கண்ட கிருமியை எதிர்த்த போரின் பிந்திய அத்தியாயங்கள்தாம். புனித யோர்கனில் கடைசி இரண்டு நோயாளிகள் இறந்தது 1946இல்.

தேவாலயத்தின் பொன் மேடைக்கும் இந்த அறைகளுக்கும் இடையே நடந்தால் இருபது நிமிடம்கூட ஆகாது. இரண்டும் ஒரே கரையின் விளைவுகள். மீனைப் பணமாக்கியவர்கள் ஒரு முனையில். அதே கரையோரத்தில் ஈரமான நெரிசல் வீடுகளில் அரைவயிற்றோடு வாழ்ந்து, நோயுற்று இந்த நகரத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் மறுமுனையில். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் சுற்றுலாப் பட்டியலை நான் பார்த்ததில்லை. காலால் நடந்தால் வைக்காமலே இருக்கிறது.

ஃப்ளோயென் மலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். காட்சி மேடை 320 மீட்டர் உயரத்தில். 1918 முதல் கம்பிவட ரயில் ஓடுகிறது. பழனியில் நாம் வின்ச் என்கிறோமே, அந்த வகை. நடுவில் நிற்கும் இடங்களும் உண்டு. மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் அதில்தான் வீட்டுக்குப் போகிறார்கள். ஏறுவதற்கு ரயிலும் இறங்குவதற்குக் காலும் நல்லது. மேலிருந்து பார்க்கும்போது, காலையிலிருந்து நடந்ததெல்லாம் உள்ளங்கை அளவு இடத்தில் அடங்கிவிடுகிறது: கோட்டை, கூரை வரிசை, தீத்தடுப்புத் தெருக்கள், மருத்துவமனையின் திசை. நடக்காமல் நேரே மேலேறுபவருக்கு அது அழகான காட்சி. நடந்துவிட்டு ஏறுபவருக்கு அது படிக்கத் தெரிந்த வரைபடம். இறங்கும் பாதை காட்டுக்குள் வளைந்து வந்து, வெள்ளை மர வீடுகளுக்கு நடுவே உள்ள கல் படிக்கட்டுச் சந்துகளில் முடிகிறது. ஜன்னல்களில் பூந்தொட்டி, வாசலில் குழந்தையின் சைக்கிள். அங்கே மக்கள் வாழ்கிறார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு நடப்பது மரியாதை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு. நார்வேக்கு வந்து ஃபியோர்டைப் பார்க்காமல் தெருவைச் சுற்றுவதா என்பது முதல் கேள்வி. மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த அந்தப் பள்ளத்தாக்குகள் உலகத்தில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதவைதான். ஆனால் கப்பலில் வருகிறவர் ஃபியோர்டைக் கப்பலிலிருந்தே பார்க்கிறார். மேற்குக் கரைக்குள் நுழைவதும் வெளியேறுவதும் அந்த வழியாகத்தான். பல கப்பல்கள் இதற்காகவே கைராங்கர், ஃப்ளோம் போன்ற இடங்களுக்குத் தனியே போகின்றன. நகரத்தில் நிற்கும் பகலை நகரத்துக்குக் கொடுப்பதே முறை. மழையைச் சொல்வார்கள். அது வலுவான ஆட்சேபம். பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, சென்னையில் பெய்வதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். 2006 அக்டோபர் 29 முதல் 2007 ஜனவரி 21 வரை ஒருநாள்கூட விடாமல் 85 நாள் பெய்த பதிவு இருக்கிறது. ஆனால் அது நம் ஊர் ஐப்பசி அடைமழை போலக் கொட்டுவது குறைவு. தூறலாக, மெல்லிய மழையாக, நின்றும் தொடர்ந்தும் பெய்வது. நல்ல மழைச்சட்டையும் வழுக்காத காலணியும் இருந்தால் நடக்கலாம். குடை உதவாது, காற்று திருப்பிவிடும். மழையில்லாமல் பெர்கனைப் புரிந்துகொள்ளவும் முடியாது. மீனை ஏன் இங்கே காயவைக்காமல் வடக்கின் வறண்ட குளிரில் காயவைத்தார்கள் என்பதும், நிலத்தடி நீர் ஏன் இந்த ஊரின் உயிர் என்பதும் நனைந்தால் விளங்கும்.

வயதானவர்களும் முட்டிவலிக்காரர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் என்ன செய்வது? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சொகுசுக் கப்பலில் வருகிறவர்களில் முதியவர்கள் மிகுதி. பாவு கற்களும் ப்ரிக்கனின் சமமற்ற பலகைகளும் அவர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம். அவர்களுக்குப் பேருந்து வேண்டும். அதைப் பழிப்பது அநியாயம். ஆனால் அவர்களுக்கும் என் வாதத்தின் உட்கரு பொருந்தும்: தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். துறையிலிருந்து ப்ரிக்கன் வரையான சமதளக் கரையோரமும், அருங்காட்சியகமும், கம்பிவட ரயிலும் போதும். நடுநடுவே உட்காரலாம். மூன்று இடத்தை நிதானமாகப் பார்த்தவருக்கு, எட்டு இடத்தில் ஏறி இறங்கியவரைவிடக் களைப்பு குறைவு, கிடைப்பது அதிகம்.

ஒரு பகலில் ஓர் ஊரை என்ன தெரிந்துகொள்ள முடியும், நடந்தாலும் அது மேலோட்டம்தானே என்று படித்தவர்கள் கேட்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அந்த ஊர்க்காரர்களின் இன்றைய கவலைகள், அவர்களுடைய அரசியல், குடும்பம், பேச்சு எதுவும் ஒரு பகலில் பிடிபடாது. பிடிபட்டதாகச் சொல்பவரை நம்பக் கூடாது. ஆனால் தெருவின் அமைப்பு அப்படியில்லை. அது கண்முன் கிடக்கிறது. பொறுமையாக நடப்பவருக்குத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஓர் ஊரின் எந்தப் பகுதியை ஒரு நாளில் அறிய முடியுமோ அந்தப் பகுதியை முழுமையாக அறிவது நியாயமான ஆசைதான்.

எனக்கு மிகவும் கனமாகப் படுவது கடைசி ஆட்சேபம். சொகுசுக் கப்பல்களே ஊர்களை நசுக்குகின்றன. புகையும் கூட்டமும் கொண்டுவருகின்றன. பயணிகள் கப்பலிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து, சந்துகளை அடைத்துக்கொண்டு, காசு செலவழிக்காமல் திரும்புகிறார்கள். நடப்பவர்கள் இன்னும் மோசம் என்பதே அந்த ஆட்சேபம். சுமார் மூன்று லட்சம் பேர் வாழும் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே காலையில் இறங்குவது சிறிய விஷயம் இல்லை. பெர்கன் வாளாவிருக்கவில்லை. நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. துறையில் நிற்கும் கப்பல்கள் என்ஜினை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுக்க 2020இல் வசதி செய்தது. நார்வேயின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின்சாரம் என்பதால் அதற்குப் பொருள் உண்டு. பயணியின் பங்கும் இருக்கிறது. நடப்பவர் ஊருக்குப் பாரமா, துணையா என்பது அவர் எங்கே நடக்கிறார், எதில் காசு போடுகிறார் என்பதைப் பொறுத்தது. முகப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் ப்ரிக்கனின் வாசலை அடைக்கிறது, ஒரு தச்சருக்கும் கூலி தருவதில்லை. அருங்காட்சியகத்துக்குச் சீட்டு வாங்குபவர், உள்ளூர்க் கடையில் மீன் சூப்பு குடிப்பவர், கூட்டமில்லாத தெருவுக்குள் போய்த் தொழுநோய் மருத்துவமனையின் கதவைத் தட்டுபவர், அந்த ஊர் தன் பழமையை நிறுத்தி வைக்கும் செலவில் பங்கெடுக்கிறார். கப்பலில் போவதே சரியா என்ற பெரிய கேள்விக்கு இது பதில் ஆகாது. போவதென்று தீர்மானித்துவிட்டவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இது பதில்.

பெர்கன் உங்கள் கப்பலின் பட்டியலில் இருந்தால், கப்பலில் விற்கும் சுற்றுலாச் சீட்டை வாங்கும் முன் ஊரின் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். புனித யோர்கன் மருத்துவமனை இன்று தொழுநோய் அருங்காட்சியகம்; கோடை மாதங்களில் மட்டுமே திறந்திருக்கும். கப்பல் நிற்கும் நாளில் திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் காலையில் நேரே அங்கே போய்விட்டு, கூட்டம் குறையும் பிற்பகலில் ப்ரிக்கனுக்கு வாருங்கள்.